குடிச்சிட்டு வண்டி ஓட்டினா பில் யாருக்கு?

"2,000 ரூபாய் வரைக்கும் இருந்த ஃபைன் 10,000 ஆயிடுச்சு. அரசாங்கம் நல்லா கல்லா கட்டுது"ன்னு ஒரு கிளையண்ட் புலம்பினார். சரி, கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட கிடைக்கலாம்.

சட்டம் கடுமையானா செலவும் உண்டு. ஊதிப் பார்க்கும் கருவி, நைட் டூட்டி போலீஸ், கோர்ட், சிறை எல்லாமே நம்ம வரிப்பணம்.

சோதனையே இல்லைன்னா? விபத்துச் செலவும் நம்ம வரிப்பணம்தான். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியபோதே, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. அதாவது, பத்துப் பேர் கட்டும் ஃபைன் ஒருத்தரோட இரண்டு நாள் சிகிச்சைக்கே சரியாப் போயிடலாம். அதுக்கப்புறம் அந்தக் குடும்பம் இழக்கும் சம்பளத்தை எந்த ஃபைனும் ஈடுகட்டாது.

உங்க பக்கமும் பாருங்க: போதையில் ஓட்டியிருந்தா, சொந்த வண்டியோட டேமேஜ் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். EMI மட்டும் நிற்காது.

அதனால பார்ட்டிக்குக் கிளம்பும்போதே, திரும்பி வர்ற ஆட்டோ காசையும் பட்ஜெட்ல சேர்த்துடுங்க.