புயல் மழைக்கு முன்னாலேயே ஒரு அவசரப் பை

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நம் கடலோர மாவட்டங்களில் காது வானிலை அறிக்கையில்தான் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓடினால் பாலும் மெழுகுவத்தியும் கிடைப்பதே பெரும்பாடு. ஆயுதபூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போதே இந்த வேலையையும் முடித்துவிடுங்கள், தோழிகளே. வேண்டிய பொருள்களில் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கிறது!

1. புதுப் பை வாங்க வேண்டாம், பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையே போதும். உள்ளே பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்றை விரித்து, அதற்குள் சாமான்களை அடுக்கி வாயை இறுகக் கட்டினால் மழையிலும் நனையாது. பரணில் ஏற்றிவிடாமல் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.

2. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், வீட்டுப் பத்திர நகல் எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். அதை இன்னொரு ஜிப் கவருக்குள் தலைகீழாக நுழைத்தால் இரட்டைப் பாதுகாப்பு. செல்போனில் டிஜிலாக்கரிலும் ஏற்றி வைத்தால், காகிதம் போனாலும் அலைச்சல் மிச்சம்.

3. கரண்டும் டவரும் போய்விட்டால் ஏ.டி.எம்.மும் ஓடாது, ஜிபேவும் ஓடாது. மாதாமாதம் காய்கறிச் செலவில் மிஞ்சும் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளைப் பையில் சேர்த்து வாருங்கள். 500 ரூபாயை நீட்டினால் அந்த நேரத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது.

4. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர்: இரண்டு 20 லிட்டர் கேன், மீதி 8 லிட்டருக்குக் கழுவி வைத்த ஜூஸ் பாட்டில்கள். புயல் செய்தி வந்த அன்றே பிடித்து மூடிவிடுங்கள்.

5. மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்கையும் காற்று தொடங்குமுன் நிரப்பிவிடுங்கள். காலி டேங்க் காற்றுக்குப் புரண்டுவிடும். 2018 கஜா புயலின்போது டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. மோட்டார் ஓடாத நாளில் அந்தத் தண்ணீர்தான் துவைக்க, கழுவக் கைகொடுக்கும்.

6. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அடுப்பு மூட்ட முடியாது. அவல், பொரிகடலை, வெல்லம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய்தான் பசியாற்றும். அவலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் பிசைந்தால் வயிறு நிறையச் சாப்பாடு.

7. இதையெல்லாம் ஒரே நாளில் வாங்கினால் பர்ஸ் காலியாகிவிடும். ஆடியிலிருந்தே மளிகை லிஸ்டில் மாதம் இரண்டு பாக்கெட் கூடுதலாக எழுதுங்கள். புயல் வராமல் போனால் போகி அன்று பையைப் பிரித்து, தை மாதச் சமையலில் தீர்த்துவிடலாம், ஒன்றும் வீணில்லை.

8. டார்ச்சுக்குள்ளேயே பேட்டரியைப் போட்டு வைத்தால் கசிந்து டார்ச்சைக் கெடுத்துவிடும். தனியாக எடுத்து டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். தண்ணீர் நிறைந்த பாட்டிலை டார்ச் வெளிச்சத்தின் மேல் நிறுத்தினால் அறை முழுக்க வெளிச்சம் பரவும்.

9. தீப்பெட்டி நமுத்துப் போகாமல் இருக்க, காலி மாத்திரை டப்பாவில் குச்சிகளைப் போட்டு, பெட்டியின் உரசும் பக்கத்தையும் வெட்டி உள்ளே வையுங்கள். மெழுகுவத்தியை மணல் நிரப்பிய அகலமான டப்பாவில் நட்டால் சாயாது. கேஸ் வாடை அடித்தால் மட்டும் எதையும் கொளுத்தாதீர்கள்.

10. பவர் பேங்கையும் செல்போனையும் எச்சரிக்கை வந்தவுடன் முழுக்க சார்ஜ் போட்டுவிடுங்கள். அவசர எண்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108. போன் அணைந்தாலும் தாள் அணையாது.

11. பிரஷர், சுகர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும், டாக்டர் சீட்டின் நகலும் கூடவே. கரண்ட் போனால் இன்சுலினைக் கவரில் போட்டு மண்சட்டிக்குள் வைத்து, சட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தால் குளிர்ச்சி நிற்கும்.

12. வெள்ளம் வடிந்ததும் வயிற்றுப்போக்கு எட்டிப் பார்க்கும். தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று அளந்து சின்னக் கவர்களில் மடித்து வையுங்கள். ஒரு கவரை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தால் உடனே தயார்.

13. நைந்த பருத்தி வேட்டி, பழைய புடவையைப் பாத்திரக்காரரிடம் போடாதீர்கள். வெயிலில் காயவைத்து மடித்து வைத்தால் துண்டு, குழந்தைக்கு அணைதுணி, காயத்துக்குக் கட்டு என்று எத்தனையோ உபயோகம். நாப்கின் பாக்கெட் ஒன்றையும் மறக்காதீர்கள்.

14. வெள்ளம் புகுந்தால் கேஸ் சிலிண்டர் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் கட்டுங்கள். தரை நனையுமுன் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

15. எல்லா வீட்டிலும் எல்லாமும் இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் கயிறும் ஸ்டவ்வும், எதிர்வீட்டில் ரேடியோவும் பெரிய டார்ச்சும் என்று தெருவாகப் பேசி வைத்துக்கொண்டால் செலவு பாதியாகும். தனியாக இருக்கும் பெரியவர்களின் பையை யார் தூக்குவது, அவர்களை யார் அழைத்து வருவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.