கியரை எண்ணாதீர்கள், வேகத்தைக் கேளுங்கள்

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் ஹெச்பிக்கு அடுத்தபடி கேட்பது ஒரே கேள்விதான்: "கியர் எத்தனை?" விற்பவரும் அதற்கே காத்திருந்தவர்போல, "அந்த வண்டி ஆறு கியர்ண்ணே, நம்மளது பன்னெண்டு. எதைக் கட்டினாலும் இழுக்கும்" என்கிறார். இந்தப் பேச்சு டீக்கடைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய், கடன் வாங்கி முன்பணம் கட்டுகிறவரின் காதில் வேதவாக்காக விழுகிறது. பண்ணைக் கருவிகளோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பச்சைப் பொய். இதை நம்பிப் பணத்தை இறைத்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இதையும் இதுபோன்ற மற்ற நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கியர் அதிகம் இருந்தால் இழுவை அதிகம்.

கியர்பாக்ஸ் சக்தியை உண்டாக்குவதில்லை. எஞ்சின் கொடுப்பதை வாங்கி, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். போகிற வழியில் பற்களின் உராய்வுக்கும் எண்ணெய்க்கும் கொஞ்சம் சக்தியைத் தின்றும்விடுகிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன். 24 ஹெச்பி வண்டிக்கு 1,800 வருகிறது. வழியில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1,200 மிச்சம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 0.83 மீட்டர். வகுத்துப் பாருங்கள், சக்கரத்துக்கு ஏறத்தாழ 1,440 கிலோ இழுவை கிடைக்க வேண்டும். ஆனால் வண்டியின் எடையே ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும், பல மாடல்களில் அதுவும் இல்லை. உழுத மண்ணில் ஒரு டிராக்டர் தன் எடையில் பாதியை இழுத்தாலே பெரிய காரியம். கீழ் கியரில் எஞ்சின் திணறுவதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். அந்த நிலையில் இன்னும் ஆறு கியர் இருந்து என்ன பயன்? இழுவை வேண்டுமானால் பின்சக்கரத்துக்கு எடை சேருங்கள், தேய்ந்த டயரை மாற்றுங்கள், ஃபோர் வீல் வண்டியைப் பாருங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் 1959 முதல் டிராக்டர்களைச் சோதித்துவருகிறது. இழுவைச் சோதனையில் சக்கர வழுக்கலுக்கு 15 சதவீதம் என்று வரம்பு உண்டு. கீழ் கியர்களில் வண்டி பெரும்பாலும் அந்த வரம்பைத்தான் முதலில் தொடும், எஞ்சினின் எல்லையை அல்ல. ஒவ்வொரு கியரிலும் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்ற அட்டவணையும் அந்த நிலையத்தின் சோதனை அறிக்கையில் இருக்கும். கையில் வாங்கிப் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.

ஏனென்றால் வயலில் உங்களுக்கு வேண்டியது கியரின் எண்ணிக்கை அல்ல, சரியான வேகம். ரோட்டவேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் நிற்க வேண்டும் என்பதால் த்ராட்டிலைக் குறைக்க முடியாது. வண்டி மெதுவாகப் போக வேண்டுமானால் கியரைத்தான் மாற்ற வேண்டும். பிளேடு பூட்டிய தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது, ஒரே வரிசையில் மூன்று பிளேடு என்றால் நிமிடத்துக்கு 600 வெட்டு. வண்டி மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால் ஒவ்வொரு வெட்டும் 8 சென்டிமீட்டர் மண்ணை எடுக்கும். 5 கிலோமீட்டரில் போனால் 14 சென்டிமீட்டர், அதாவது கட்டி கட்டியாக மண். மஞ்சளுக்குப் பாத்தி கட்டுகிறவருக்கு அது ஆகுமா? மறுபடி ஒரு சால் ஓட்டுவார், டீசல் இரண்டு மடங்கு.

பன்னிரண்டு கியர் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெயின் கியர் நான்கு, ரேஞ்ச் லீவர் மூன்று நிலை, பெருக்கினால் பன்னிரண்டு. ஒரு ரேஞ்சின் மேல் கியரும் அடுத்த ரேஞ்சின் கீழ் கியரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுவது சகஜம். குபோட்டா நியோஸ்டார் பி2441 முன்னோக்கி 9 கியர் தருகிறது, ஸ்வராஜ் 717 ஆறு, 2023 ஆகஸ்டில் வந்த மஹிந்திரா ஓஜா பன்னிரண்டு. இவற்றில் எது உங்கள் நிலத்துக்கு நல்லது என்பதை இந்த எண்கள் சொல்லவே சொல்லாது. மணிக்கு ஒன்றரை முதல் ஆறு கிலோமீட்டருக்குள் எத்தனை கியர் விழுகிறது, அவற்றின் இடைவெளி சீராக இருக்கிறதா என்பதுதான் சொல்லும்.

நம்பிக்கை 2: கான்ஸ்டன்ட் மெஷ் என்றால் ஓட ஓட கியர் மாற்றலாம்.

மாற்றிப் பாருங்கள், கியர் கத்தும். ஸ்லைடிங் மெஷ்ஷில் பற்சக்கரமே நகர்ந்து போய்க் கோத்துக்கொள்ளும், அதனால் பல் முனை உடையும். கான்ஸ்டன்ட் மெஷ்ஷில் பற்கள் எப்போதும் கோத்தே இருக்கும், நடுவில் ஒரு வளையம் மட்டும் நகரும். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். விலை வித்தியாசம் சிறிதானால் இதையே வாங்குங்கள். ஆனால் வேகத்தைத் தானே சமன் செய்து ஓட்டத்தில் கியர் விழச் செய்வது சிங்க்ரோமெஷ் மட்டுமே.

நம்பிக்கை 3: ஷட்டில் எல்லாம் சொகுசு.

ஒரே லீவரில் வண்டியை முன்னும் பின்னும் போக வைப்பதுதான் ஷட்டில். நீளமான புஞ்சையில் நேராக உழுகிறவருக்கு அது தேவையில்லை. தென்னந்தோப்பிலும் திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் நிமிடத்துக்கு ஒருமுறை முன்னும் பின்னும் போகிறவருக்கு அது கிளட்ச்சையும் முழங்காலையும் காப்பாற்றும். ஓஜாவில் பின்னோக்கியும் 12 கியர் இருப்பது இந்த ஷட்டிலால்தான். பணம் கொடுக்க வேண்டியது அந்த லீவருக்கு, 12 என்ற எண்ணுக்கு அல்ல.

நம்பிக்கை 4: சேற்றுழவுக்குப் பழைய ஸ்லைடிங் மெஷ்தான் தாங்கும்.

சேறு கெடுப்பது கியரை அல்ல, ஆக்சில் சீலை. சீல் போனால் தண்ணீர் ஏறி கியர் ஆயில் வெளுத்துக் கலங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாலே தெரியும். அப்புறம் எந்த மெஷ்ஷும் தாங்காது.

நம்பிக்கை 5: கியரே இல்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிதான் சிறந்தது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை. அங்கே வீட்டைச் சுற்றிப் புல் வெட்டவும், லோடரால் மண் அள்ளவும் அது அருமை. எண்ணெயை அழுத்தி ஓட்டும் முறை என்பதால் சக்தியில் ஒரு பகுதி சூடாகவே வீணாகும். நாள் முழுக்க உழவு ஓட்டும் நம்மூருக்கு அது கட்டுப்படியாகாது.

இத்தனை கேள்வி கேட்பவர்கள் கிளட்ச்சைப் பற்றி ஏன் கேட்பதில்லை? சிங்கிள் கிளட்ச்சை மிதித்தால் வண்டியோடு ரோட்டவேட்டரும் நின்றுவிடும். டூயல் கிளட்ச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பிடிஓ நிற்கும். ரோட்டவேட்டர் ஓட்டுகிறவருக்கு ஆறு கூடுதல் கியரைவிட இது பெரிது.

அதைவிடப் பெரிது பிடிஓ தண்டின் மூடி. 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ, தலைத்துண்டோ, சேலை முந்தானையோ சிக்கினால் இழுத்துக்கொள்ளும் முன் கத்தக்கூட நேரம் இருக்காது. வாங்கிய வாரத்திலேயே "கிரீஸ் அடிக்க இடைஞ்சல்" என்று அந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எறிகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். உடைந்தால் புதிதாக வாங்கி மாட்டுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது வேக அட்டவணையைக் கேளுங்கள். டெமோவை உங்கள் வயலிலேயே, உங்கள் ரோட்டவேட்டரைப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். த்ராட்டில் பிடிஓ குறியில் இருக்கட்டும். கயிறு பிடித்து 50 மீட்டர் அளந்து வையுங்கள். அதைக் கடக்க ஒரு நிமிடம் ஆனால் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கும் அதற்குக் கீழேயும் கியர் இருக்கிறதா, மண் பொலபொலவென்று விழுகிறதா என்று குனிந்து கையில் அள்ளிப் பாருங்கள். அட்டவணை தர மறுக்கும், டெமோ காட்டத் தயங்கும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.