டயரும் சொகுசும்

கேள்வி: என் கார் 2018 ஸ்விஃப்ட், டயர் 185/65 ஆர்15. மேடு பள்ளத்தில் உடம்பே குலுங்குகிறது. 16 அங்குல அலாய் வீலுக்கு மாறினால் சொகுசு கூடுமா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை, இன்னும் குறையும். அதிர்வை வாங்கிக்கொள்வது டயரின் பக்கச்சுவர். உங்கள் டயரின் அகலம் 185 மி.மீ.; அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 195/55 ஆர்16 போட்டால் அது 107 ஆகிவிடும். பள்ளத்தில் இறங்கினால் ரிம்மே அடிவாங்கும். அழகுக்காக இதைச் செய்து அவதிப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இதே காரின் கீழ் வேரியண்ட்டுகளுக்கு மாருதி கொடுத்தது 165/80 ஆர்14. பக்கச்சுவர் 132 மி.மீ.; மொத்த விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ 620 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் பிசகாது. சொகுசுதான் முக்கியம் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள். ரிம்மையும் மாற்ற வேண்டும்; பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். வளைவில் பிடிமானம் சற்றுக் குறையும்.

அதற்கு முன், காலையில் வண்டியை எடுக்கும்முன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். கம்பெனி சொன்ன அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தாலே குலுக்கல் தெரியும். முதலில் அதைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள்.