முறுக்கு டப்பாவும் கடலை டப்பாவும்

மும்பை நகரின் நடுவே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சில வீடுகளில் தோல் பை தைக்கிறார்கள். சில வீடுகளில் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்கிறார்கள். சில வீடுகளில் முறுக்குச் சுடுகிறார்கள்.

அப்படி முறுக்குச் சுடும் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்து. தெருவில் எல்லோரும் அவரை 'முறுக்கு அக்கா' என்றே கூப்பிடுவார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு எரியத் தொடங்கும். மதியம் வரை எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் வேலை. மாலையில் முறுக்கைப் பாக்கெட் போட்டு மாட்டுங்கா, செம்பூர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

உடைந்த முறுக்கைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அதனால் உடைந்ததெல்லாம் ஒரு டப்பாவில் சேரும். அந்த டப்பா அக்காவின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும்.

தலை சுற்றியது

அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது. மருத்துவரிடம் போனார். இரத்தத்தில் சர்க்கரையும் கூடத் தொடங்கியிருந்தது. "உடம்பில் கொழுப்பைக் குறையுங்கள். ஐந்து கிலோ குறைந்தாலே நல்லது" என்றார் மருத்துவர்.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எடுத்தார். அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வெறும் டீ மட்டும் குடித்தார். ஆனால் பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. கை தானாக உடைந்த முறுக்கு டப்பாவுக்குப் போனது. மாலையில் கடைகளுக்குப் போகும் வழியில் மறுபடி பசி. பஸ் நிறுத்தத்தில் ஒரு வடாபாவ் வாங்கித் தின்றார்.

ஒரு மாதம் ஆனது. எடை குறையவே இல்லை. ஒரு நாள் காலை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும்போது தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த மகள் தாங்கிப் பிடித்தாள். பிடிக்காவிட்டால் கொதிக்கிற எண்ணெய் மேலே கொட்டியிருக்கும்.

மறுநாள் தெருவுக்கு மாநகராட்சியின் சுகாதாரத் தொண்டர் வந்தார். அவரும் தமிழ்ப் பெண்தான். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"பட்டினி கிடந்து பார்த்தேன் தங்கச்சி. ஒண்ணும் குறையல. மயக்கம்தான் வந்துது."

"பட்டினி கிடக்கச் சொல்லி யாருக்கா சொன்னாங்க? நீங்க நேரத்துக்குச் சாப்பிடணும். எதைச் சாப்பிடுறோம்கிறதைத்தான் மாத்தணும்" என்றார் தொண்டர்.

புரதம் என்ன செய்யும்?

நாம் சாப்பிடும் உணவு உடம்புக்குச் சக்தி தருகிறது. அந்தச் சக்தியைக் கலோரி என்ற கணக்கில் அளக்கிறார்கள். செலவாவதைவிட அதிகமாகச் சாப்பிட்டால், மிச்சம் கொழுப்பாகச் சேரும். வயிறு பெருக்கும்.

எண்ணெயில் மிக அதிகக் கலோரி உண்டு. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரிதான்.

புரதத்துக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது பசியை நெடுநேரம் அடக்கி வைக்கும். இரண்டாவது, அது தசையைக் காக்கும். ஒருவர் உணவைக் குறைத்தால் கொழுப்பு மட்டும் கரையாது. தசையும் கரையும். தசை கரைந்தால் உடல் தளர்ந்துபோகும். தூக்கி இறக்கி வேலை செய்கிறவர்களுக்குத் தசைதானே முதலீடு! போதிய புரதம் சாப்பிட்டு, உடலுக்கு வேலையும் கொடுத்தால் தசை பெரும்பாலும் தப்பிக்கும்.

ஆனால் ஒன்று. புரதம் கொழுப்பைக் கரைக்கும் மருந்து அல்ல. பசிக்கு முறுக்குத் தின்கிற இடத்தில் கடலை தின்றால்தான் பலன். முறுக்கும் தின்று, கடலையும் தின்றால் எடை கூடத்தான் செய்யும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கணக்குச் சொன்னது. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது சுமார் 50 கிராம்.

எதில் எவ்வளவு?

தொண்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஏறக்குறையக் கணக்குத்தான்.

முறுக்கு, 30 கிராம்: புரதம் 3 கிராம், கலோரி 150.
வடாபாவ், ஒன்று: புரதம் 6 கிராம், கலோரி 300.
வறுத்த கொண்டைக்கடலை, ஒரு கைப்பிடி, 30 கிராம்: புரதம் 6 கிராம், கலோரி 110.
அவித்த முட்டை, ஒன்று: புரதம் 6 கிராம், கலோரி 75.
கொண்டைக்கடலைச் சுண்டல், சிறு கிண்ணம், 100 கிராம்: புரதம் 8 கிராம், கலோரி 170.
வறுத்த நிலக்கடலை, ஒரு கைப்பிடி, 30 கிராம்: புரதம் 7 கிராம், கலோரி 170.

அக்கா அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வடாபாவிலும் புரதம் 6. ஒரு கைப்பிடிக் கடலையிலும் புரதம் 6. ஆனால் கலோரி? ஒன்றில் 300. மற்றதில் 110.

"ரெண்டுலயும் ஒரே புரதம். ஆனா வடாபாவ்ல கிட்டத்தட்ட மூணு பங்கு கலோரி!" என்றார் அக்கா.

"அதேதான் அக்கா. நிலக்கடலையும் நல்லதுதான். ஆனா அதுல எண்ணெய்ச் சத்து கூட. அதனால ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம்."

பாக்கெட்டில் இருக்கும் எண்

அக்காவின் மகன் கல்லூரியில் படிக்கிறான். அன்று மாலை ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தான். "அம்மா, இது புரோட்டீன் பிஸ்கட். இதைத் தின்னா உடம்பு குறையுமாம்" என்றான். விலையைக் கேட்டதும் அக்காவுக்குத் திக்கென்றது.

மறுமுறை தொண்டர் வந்தபோது அக்கா பாக்கெட்டைக் காட்டினார்.

"இதுல எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எங்க படிக்கத் தெரியும்?"

"எண் தெரியும்ல அக்கா? எண் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பாக்கெட்டுக்குப் பின்னால கட்டம் போட்டிருக்கும். அதைப் பாருங்க."

புரோட்டீன் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. தொண்டர் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். அதற்கு நேராக 11 என்று இருந்தது. 100 கிராம் பிஸ்கட்டில் 11 கிராம் புரதம் என்று பொருள். கொழுப்புக்கு நேராக 20. சர்க்கரைக்கு நேராக 22.

100 கிராம் வறுத்த கொண்டைக்கடலையில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. பிஸ்கட்டில் அதில் பாதியளவுதான். சர்க்கரையோ அதன் புரதத்தைப் போல இரண்டு மடங்கு!

அப்படியானால் 'அதிகப் புரதம்' என்று எப்படி எழுதுகிறார்கள்? ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் 100 கிராமில் இருந்தால் அப்படி எழுதலாம் என்று 2018ஆம் ஆண்டின் விதி அனுமதிக்கிறது. அது சுமார் 11 கிராம். ஆகவே எழுதியது பொய் இல்லை. ஆனால் முன்பக்கம் பெரிய எழுத்தில் புரதம் மட்டும் தெரிகிறது. சர்க்கரையும் கொழுப்பும் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கின்றன.

இன்னொரு வழியும் உண்டு. பாக்கெட்டில் சேர்த்த பொருள்களின் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். மைதாவும் சர்க்கரையும் பட்டியலின் தலையில் இருந்தால், அது முதலில் பிஸ்கட், பிறகுதான் புரதம்.

விலை உயர்ந்த புரதப் பொடிகளும் தேவையில்லை. அவற்றைத் தவிர்க்கும்படி ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

கைக்கு எட்டும் இடம்

முறுக்குச் சுடுகிறவரால் வேலை நடுவே சமைக்க முடியாது. கைக்கு எது எட்டுகிறதோ அதைத்தான் வாய் தின்னும். எனவே அக்கா டப்பாவை மாற்றினார்.

உடைந்த முறுக்கை அன்றன்றே குறைந்த விலைக்கு விற்றுவிட்டார். அந்த இடத்தில் வறுத்த கொண்டைக்கடலை டப்பாவை வைத்தார். உப்பில்லாத கடலையாகப் பார்த்து வாங்கினார். காலையில் இரண்டு இட்லி, சாம்பார், ஓர் அவித்த முட்டை. பத்து மணிக்கு ஒரு கைப்பிடிக் கடலை. மாலையில் கடைகளுக்குப் போகும்போது ஒரு சிறு டப்பாவில் சுண்டல். முந்தின இரவே கடலையோ பயறோ ஊறப்போட்டு, காலையில் அவித்துவிடுவார். எண்ணெய் ஒரு சிறு கரண்டிக்கு மேல் ஊற்ற மாட்டார்.

சுண்டல் நமக்குப் புதிது இல்லை. நவராத்திரிக்கு மாட்டுங்காவில் கொலு வைத்த வீடுகளில் சுண்டல்தான் தருவார்கள். ஒன்பது நாளைக்குத் தருவதை அக்கா அன்றாட உணவாக ஆக்கிக்கொண்டார்.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 கலோரி குறைத்தால், ஒரு மாதத்தில் 9,000 கலோரி குறையும். அதாவது மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ. 'பத்து நாளில் பத்து கிலோ' என்பதெல்லாம் வெறும் விளம்பரம்.

பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் அளவு நாடாவை வாங்கி அக்கா இடுப்பை அளந்தார். பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. ஆண்களுக்கு 90க்குள். அக்காவுக்கு 94 இருந்தது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது 90. எடையில் மூன்று கிலோ குறைந்திருந்தது. இன்னும் குறைய வேண்டும். ஆனால் மயக்கம் வரவில்லை. படி ஏறும்போது முழங்கால் முன்போல் வலிக்கவில்லை.

ஒரு நாள் மகன் புதிய பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தான். அக்கா கையை நீட்டினார். "கொடு, நான் படிச்சுப் பார்க்கிறேன்" என்றார்.

கவனம்

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எடைக் குறைப்புக் கணக்குப் பொருந்தாது.

சிந்திக்க, செய்ய

1. அக்கா காலைச் சாப்பாட்டை நிறுத்தியும் எடை ஏன் குறையவில்லை?
2. வடாபாவுக்கும் ஒரு கைப்பிடிக் கடலைக்கும் கலோரியில் எவ்வளவு வித்தியாசம்?
3. உங்கள் வீட்டில் கைக்கு எட்டும் டப்பாவில் என்ன இருக்கிறது?
4. வீட்டிலுள்ள ஒரு பாக்கெட்டை எடுங்கள். புரதம், கொழுப்பு, சர்க்கரை ஆகிய மூன்றின் எண்களையும் படித்துத் தாளில் எழுதுங்கள்.