லீவரின் பலத்தை நம்பாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ட்ரினிடாட் கல்லூரியில் துப்பாக்கிப் பணி படிக்கும் உன்னிடம், ருகர் நம்பர் ஒன் ரைபிள் ஒன்றுக்குப் புதுக் குழல் மாட்டும் வேலை வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. த்ரெட் வெட்டுவது பற்றி ஒரு பக்கம் எழுதிய நீ, ஹெட்ஸ்பேஸை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சேம்பருக்குள் போகும் தோட்டா ஓரிடத்தில் தடைபட்டு நிற்கிறது. அந்த இடத்துக்கும், பின்னால் அதைத் தாங்கும் பிளாக்கின் முகத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். .45-70 தோட்டாவை அதன் விளிம்பு நிறுத்தும். .375 ஹெச் அண்ட் ஹெச் மேக்னத்தை அதன் பட்டை நிறுத்தும். நீ போடப்போகும் .308-ஐ அதன் தோள் நிறுத்தும். ஆகவே நீ அளக்க வேண்டியது தோளிலிருந்துதான்.

.308-க்கு, பிளாக் மூடியாக வேண்டிய கோ கேஜ் 1.630 அங்குலம், மூடக்கூடாத நோ-கோ கேஜ் 1.634 அங்குலம். இடையில் இருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு. இடைவெளி மிகுந்தால் நடப்பதைக் கேள்: ஊசி தோட்டாவை முன்னே தள்ளுகிறது. வெடித்ததும் பித்தளைக் கூட்டின் மெல்லிய முன்பகுதி விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதியோ பின்னே போய் பிளாக்கில் மோதுகிறது. இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. கூட்டை மறுபடி நிரப்பிச் சுடச்சுட அந்த இடம் அறுந்து, உயர் அழுத்த வாயு பின்புறமாகப் பீறிடும். சுடுபவரின் முகம் அங்கேதான் இருக்கிறது.

உன் கல்லூரியில் பாடம் நடத்திய பி. ஓ. ஆக்லியின் பெயரில் வழங்கும், ஏற்கனவே உள்ள ஒரு தோட்டாவின் சேம்பரை விரித்து வெட்டும் இம்ப்ரூவ்ட் சேம்பரும் வெட்ட ஆசை என்கிறாய். அதன் வழக்கமான கோ கேஜ் மூலத் தோட்டாவின் கோ கேஜைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு குட்டை. மூலத்தின் கோ கேஜே அங்கே நோ-கோ ஆகிவிடும். இது தெரியாமல் வெட்டியவர்களின் கூடுகள் முதல் வெடியிலேயே நீண்டுவிடுகின்றன.

இனி வேலைக்கு வருவோம். சேம்பர் வெட்டும் ரீமரும் கேஜும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கு. பிளாக்கிலிருந்து ஊசியைக் கழற்றிவிடு, எக்ஸ்ட்ராக்டரையும் எடுத்துவிடு. சேம்பரைக் குட்டையாக வெட்டி நிறுத்து. கோ கேஜை வைத்து, பிளாக்கை மூடி, கேஜ் பிளாக்கைத் தொடும் வரை குழலைக் கையால் திருகு. குழலின் தோளுக்கும் ரிசீவருக்கும் நடுவில் தெரியும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அள. இன்னும் வெட்ட வேண்டிய ஆழம் அதுதான். கடைசியில் மிஞ்சும் ஆயிரத்தில் சில பங்குகளைத் துளித்துளியாக எடு. ஒவ்வொரு முறையும் ரீமர் சீவிய உலோகச் சுருளைத் துடை, எண்ணெய் விடு. ஒரு துகள் அடியில் கிடந்தால் அளவு பொய்யாகும். குழலை இறுக்கியபின் மறுபடி அளந்து பார், இறுக்கத்தில் அளவு சற்றுக் குறையும். எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தை இதற்கெல்லாம் பிறகே வெட்டு. ஆழம் மிகுந்துபோனால் குழலின் தோளைச் சீவி அதை உள்ளே தள்ள வேண்டிவரும். அப்போது குழல் திரும்பிப் பள்ளம் இடம் மாறிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நம்பர் ஒன்னின் லீவருக்குப் பலம் அதிகம். கேஜ் தடுப்பதைக்கூட உன் கைக்குத் தெரியவிடாமல் பிளாக்கை மேலே ஏற்றிவிடும். அதனால் லீவரை விரல் நுனியால் மட்டும் மூடு. கோ கேஜில் தடையின்றி மூட வேண்டும், நோ-கோவில் மூடக்கூடாது. எவ்வளவு இடம் மிச்சம் என்று அறிய, கோ கேஜின் அடியில் செலோ டேப் ஒரு துண்டு ஒட்டி மூடிப் பார். டேப்பின் தடிமனை மைக்ரோமீட்டரில் முன்பே அளந்துகொள்.

முதல் தோட்டாக்களைத் தோளில் வைத்துச் சுடாதே. ரைபிளைத் தாங்கியில் கட்டி, மறைவில் நின்று விசையைக் கயிற்றால் இழு. சுட்ட கூட்டுக்குள் முனை வளைத்த கம்பியை விட்டு அடிப்பகுதியைத் தடவிப் பார். பள்ளம் தட்டினால் ரைபிளைத் திருப்பிக் கொடுக்காதே.

வாங்கிப் போகிறவர் குழலின் பளபளப்பைப் பார்ப்பார், குறி தப்பாததைப் பார்ப்பார். ஹெட்ஸ்பேஸை அவரால் பார்க்க முடியாது. அவர் உன்னை நம்பித்தான் கன்னத்தை வைக்கிறார். கேஜ் சொன்ன அளவை ஒரு சீட்டில் எழுதி, உன் பெயர் போட்டு, ரைபிளோடு கொடு. பெயர் போடக் கை தயங்கினால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். மறுபடி லேத்துக்குப் போ.

அன்புடன்,
மாமா