பச்சை டவுன்லோட் பட்டன்

ஜெராக்ஸ் கடைகளுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். "வைரஸ் ஏறிடுச்சு தம்பி, ஃபார்மட் போட்டுடுங்க" என்றுதான் பெரும்பாலும் அழைப்பு வரும். எப்படி ஏறியது என்று கேட்டால், "தப்பான சைட் எதுக்கும் நாங்க போறதே இல்லையே" என்பார்கள். அவர்களை நான் நம்புகிறேன். வைரஸ் ஏறுவதற்குத் தப்பான சைட்டுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. நல்ல சைட்டில் வரும் ஒரு விளம்பரம் போதும்.

2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் செய்தி படித்துக்கொண்டிருந்தவர்களின் திரையில், 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது' என்று எச்சரிக்கை வந்தது. போலி ஆன்டிவைரஸைத் தலையில் கட்டும் ஏற்பாடு அது. வோனேஜ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் விளம்பர இடம் வாங்கியவர்கள், முதலில் ஒழுங்கான விளம்பரத்தைப் போட்டுவிட்டு, வார இறுதியில் அதை மாற்றிவிட்டார்கள். 2016 மார்ச்சில் இன்னும் மோசம். பிபிசி, எம்எஸ்என் உட்படப் பல பெரிய தளங்களில் நச்சு விளம்பரங்கள் ஓடின. கணினியில் பழைய ஃபிளாஷோ சில்வர்லைட்டோ இருந்தால், எதையும் கிளிக் செய்யாமலேயே வைரஸ் உள்ளே புகுந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது? பக்கத்தில் விளம்பரத்துக்கென்று விட்ட இடத்தை, நாம் பக்கத்தைத் திறக்கும் அந்த நொடியில், எங்கோ இருக்கும் ஏலக் கணினிகள் ஏலம் போடுகின்றன. யார் வாங்கினார், என்ன காட்டினார் என்பது தளத்தின் ஆசிரியருக்குத் தெரியாது. திண்ணையை வாடகைக்கு விட்டவருக்கு அங்கே யார் வந்து உட்கார்ந்தார் என்று தெரியாதது போலத்தான். சரிபார்க்க வரும் விளம்பர நிறுவனத்துக்கு நல்ல பக்கத்தையும், நம்மைப் போன்றவர்களுக்குக் கெட்ட பக்கத்தையும் காட்டும் வித்தையும் திருடர்களிடம் உண்டு.

ஃபிளாஷ் 2020-உடன் ஓய்ந்துவிட்டது. பிரவுசர்களும் தாமாகவே அப்டேட் ஆகிக்கொள்கின்றன. அதனால் தானாகப் புகுவது கடினமாகிவிட்டது. இப்போது நம் கையாலேயே கதவைத் திறக்க வைக்கிறார்கள்.

போன வருடம் ஓர் அக்காவின் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். அவருக்கு ஒரு பிடிஎஃப் மென்பொருள் தேவைப்பட்டது. தேடியதும் மேலே முதலாவதாக வந்த விளம்பர இணைப்பைத் தட்டியிருக்கிறார். அசல் போலவே ஒரு பக்கம், நடுவில் பெரிய பச்சை டவுன்லோட் பட்டன். அதை அழுத்தியதும், 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்' என்று ஒரு கட்டம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தவும், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படம் போட்டுச் சொல்லியிருந்தது. அவர் அப்படியே செய்தார். பொறுமையாக வேலை பார்க்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

உண்மையில் நடந்தது இது. கட்டத்தைத் தொட்டபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் காப்பி எடுத்து வைத்துவிட்டது. விண்டோஸும் ஆரும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் ரன் பெட்டியில் அதை ஒட்டும்போது, பெட்டி சின்னதென்பதால் கட்டளையின் வால் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வாலில் 'நான் ரோபோ இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். இடப்பக்கம் மறைந்திருக்கும் பகுதிதான் உளவு மென்பொருளை இறக்கும் பவர்ஷெல் கட்டளை. எந்த நேர்மையான இணையதளமும் ரோபோ சோதனைக்காக ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. இந்த ஒன்றை மட்டும் உங்கள் கடைப் பையன்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மெயிலில் வேறு யாரோ நுழைந்த அறிவிப்பு வந்தபிறகுதான் என்னை அழைத்தார். ஸ்கேன் போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. அது ஆறுதல் தரும் செய்தி இல்லை. இந்த வகைத் திருட்டு மென்பொருள்கள் சில நிமிடத்தில் வேலையை முடித்துவிடும், சில தங்களையே அழித்துக்கொண்டும் போய்விடும். லும்மா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் ஏறியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது.

பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்ட் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்காவுடையது நாலைந்துதான். மீதியெல்லாம் கடைக்கு வந்தவர்களுடையவை: டிஎன்பிஎஸ்சி பதிவு, பிஎஃப் கணக்கு, ஸ்காலர்ஷிப், யாரோ ஒரு பெரியவரின் மெயில். பிரவுசர் ஒவ்வொரு முறையும் 'சேமிக்கட்டுமா?' என்று கேட்க, அவசரத்தில் யாரோ 'சரி' கொடுத்தபடியே இருந்திருக்கிறார்கள். அக்கா அன்று சாயங்காலமே ஒவ்வொருவருக்கும் போன் செய்து பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். அந்த நேர்மை எல்லாருக்கும் வராது.

இப்படி நேர்ந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் திருடு போகலாம். போனிலிருந்து மாற்றுங்கள், மெயிலில் தொடங்குங்கள். கூடவே 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கட்டாயம் கொடுங்கள். ஏனென்றால் பாஸ்வேர்டோடு, நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்ததைத் தளத்துக்குக் காட்டும் லாகின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். குக்கி கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலேயே உள்ளே போய்விடலாம். அதன்பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. வங்கிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

வராமல் தடுக்க நான் எல்லாக் கணினியிலும் செய்கிற முதல் வேலை, விளம்பரத் தடுப்பு போடுவது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம். இரண்டையும் உருவாக்கியவர் ரேமண்ட் ஹில். பெயரைப் பார்த்துப் போடுங்கள், போலிகள் உண்டு. அமெரிக்காவின் எஃப்பிஐ-யே 2022 டிசம்பரில், தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் போலிகள் வருவதாக எச்சரித்து, விளம்பரத் தடுப்பைப் பயன்படுத்தச் சொன்னது. விளம்பரத்தில்தான் பத்திரிகைகள் பிழைக்கின்றன என்பது எனக்கும் உறைக்கிறது. அதனால் விரும்பிப் படிக்கிற இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறேன். தடுப்பை எடுக்கும் எண்ணம் இல்லை.

மென்பொருளைத் தேடி இறக்காதீர்கள். தயாரித்தவரின் முகவரியை நேராகத் தட்டுங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுங்கள். தமிழ் ஃபான்ட் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: ஃபான்ட் என்றால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் ஃபைலாக வரும். ஜிப்பைப் பிரித்ததும் இஎக்ஸ்இ இருந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். ஓசியில் புதுப்படம் காட்டும் தளங்களை அடியோடு விடுங்கள். அப்படிப்பட்ட சட்டவிரோத வீடியோ தளங்களின் விளம்பரங்களில் தொடங்கிய ஒரே தாக்குதல், உலகெங்கும் ஏறக்குறைய 10 லட்சம் கணினிகளைத் தொட்டதென்று மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் சொன்னது.

மூலையில் ஓயாமல் 'வைரஸ், வைரஸ்' என்று கட்டம் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்ததன் விளைவு. பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய்த் தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும். ஃபார்மட் தேவையே இல்லை.

கடை வைத்திருப்பவர்கள் பாஸ்வேர்ட் சேமிக்கும் வசதியையே அணைத்து வையுங்கள். வாடிக்கையாளர் வேலையைக் குரோமின் கெஸ்ட் விண்டோவில் மட்டும் செய்யுங்கள். மூடியதும் லாகின், குக்கி எல்லாம் போய்விடும். அக்காவின் கடையில் இப்போது டெஸ்க்டாப்பில் அந்த ஒரு ஐகானைத்தான் வைத்திருக்கிறேன். கடைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்தாலும் கெஸ்ட் விண்டோதான் திறக்கும்.