மூலைக் கொடியருகே ஓர் ஆட்டம்



நமது சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் என் பத்து வயதுப் பேரன் ஒரு கோல் போட்டான். போட்ட கையோடு மைதானத்தின் மூலைக்கு ஓடி, இடுப்பை வளைத்து ஆடத் தொடங்கினான். "இது ஆட்டமா, கூத்தா? மரியாதையா வந்து விளையாடு!" என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டிவிட்டேன். அதன் பிறகு பையன் பந்தின் பக்கமே சரியாகப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, கரக்பூர் இன்ஸ்டிட்யூட்டில் டி.வி. முன்னால நீங்க ஆடினது மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. அந்த ஆட்டத்தின் கதையை இளைஞர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1990ஆம் ஆண்டு, இத்தாலியில் உலகக் கோப்பைக் கால்பந்து. நான் அப்போது இருப்புப்பாதைப் பிரிவில் இளநிலைப் பொறியாளன். பகல் முழுவதும் ஸ்லீப்பர்களையும் ஜல்லியையும் பார்த்துவிட்டு, இரவில் தூர்தர்ஷன் முன் உட்காருவோம். ஜூன் 8 அன்று, முந்தைய சாம்பியனான அர்ஜென்டினாவை ஆப்பிரிக்காவின் கேமரூன் அணி 1-0 என்று வென்றது. இரண்டு பேர் வெளியேற்றப்பட்டு, கடைசியில் ஒன்பது பேருடன் நின்று வென்ற அணி அது.

ஜூன் 14 அன்று ருமேனியாவுடன் ஆட்டம். இரண்டாம் பாதியில் மாற்று ஆளாக இறங்கினார் ரோஜர் மில்லா. வயது 38. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள்! கோல் போட்டதும் மூலைக் கொடியை நோக்கி ஓடினார். ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கையை உயர்த்தி, இடுப்பை அசைத்து ஆடினார். கொடிக்கம்பமே ஆட்டத் துணை போலத் தோன்றியது.

அதற்கு முன்பும் விளையாட்டில் ஆடியவர்கள் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் 1970களிலேயே அது இருந்தது. ஆனால் உலகக் கால்பந்தில் அதுவரை பெரும்பாலும் கையை உயர்த்துவார்கள், குதிப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சி மூலம் உலகம் முழுவதும் கண்ட முதல் பெரிய கோல் நடனம் மில்லாவுடையதே எனலாம்.

இந்த நடனம் எங்கிருந்து வந்தது? கேமரூனின் துறைமுக நகரமான தூவாலாவில் பிறந்த 'மக்கோசா' என்னும் இசையோடு இதை இணைத்துப் பேசுவார்கள். அந்த இசைக்கும் கால்பந்துக்கும் பழைய உறவு உண்டு. 1972இல் ஆப்பிரிக்கக் கோப்பை கேமரூனில் நடந்தபோது, மனு திபாங்கோ என்ற சாக்சபோன் கலைஞர் அப்போட்டிக்காக ஒரு பாடல் தயாரித்தார். இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்பச் சேர்த்த 'சோல் மக்கோசா'வே பின்னர் உலகப் புகழ் பெற்றது!

மில்லாவின் தந்தை ரயில்வே ஊழியர் என்பது எனக்கு இன்னும் நெருக்கமான செய்தி. தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறியது; பையனுக்குப் பதினொரு வயதானபோது தூவாலாவுக்கு வந்தது. டிரான்ஸ்பர் ஆர்டர் வந்ததும் பெட்டி படுக்கையைக் கட்டிய நம் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புது ஊரில் பாஷை தெரியாத பையனுக்கு முதல் நண்பன் பந்துதான்.

1990க்கு முன்பே மில்லா தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தமிழ் வம்சாவளியினர் பலர் வாழும் ரீயூனியன் தீவில் ஆடிக்கொண்டிருந்தவரை, கேமரூன் அதிபர் பால் பியா நேரில் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட பிறகே திரும்பி வந்தார். "கிழவன்" என்று ஒதுக்கப்பட வேண்டியவர், ஜூன் 23இல் கொலம்பியாவுக்கு எதிராகவும் இரண்டு கோல் போட்டார். கோலி ஹிகீட்டாவின் காலிலிருந்து பந்தைப் பறித்துப் போட்ட கோலை மறக்க முடியுமா? நாங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஆடியது அன்றுதான். பெஞ்சு ஒன்று உடைந்தது. கால் இறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி கேமரூன். அங்கே இங்கிலாந்திடம் 3-2 என்று தோற்றது.

1994இல் ரஷ்யாவுக்கு எதிராக மில்லா மீண்டும் கோல் போட்டபோது வயது 42. உலகக் கோப்பையில் அதைவிட முதிய வயதில் கோல் போட்டவர் 2022 போட்டி வரை எவரும் இல்லை.

பிறகு இவ்வழக்கம் பரவியது. அதே 1994இல் பிரேசிலின் பெபெட்டோ, பிறந்து இரண்டு நாளே ஆன மகனுக்காகத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆடினார். 2002இல் செனகல் வீரர்கள் பிரான்சுக்கு எதிராக கோல் போட்டு, சட்டையைத் தரையில் வைத்துச் சுற்றி ஆடினார்கள். 2010இல் தென் ஆப்பிரிக்க வீரர்கள் வரிசையாக நின்று ஆடினார்கள். 2022இல் பிரேசிலின் பயிற்சியாளர் டிட்டேயே வீரர்களுடன் சேர்ந்து ஆடினார்!

விதியும் இதைத் தடுப்பதில்லை. நேரத்தை வீணடித்தாலோ, சட்டையைக் கழற்றினாலோ, எதிரணியைச் சீண்டினாலோ மஞ்சள் அட்டை உண்டு. மகிழ்ச்சிக்கு அட்டை இல்லை.

பாயிண்ட்டைத் தவறாக மாற்றினால் வண்டி தடம் மாறிவிடும். அன்று நான் அதட்டியதும் அப்படித்தான். பேரனிடம் அதைச் சொன்னேன். அவன், "அப்போ தாத்தா, நீங்க எப்படி ஆடினீங்க, காட்டுங்க" என்றான். முழங்கால் வலியோடு காட்டினேன்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் கோல் போட்டால், பெரியவர்கள் முதலில் கைதட்டுவோம்.